கோபுர வாசலும் மின் இரைச்சலும்: திருவண்ணாமலை, அன்றும் இன்றும்

அண்ணாமலையார் கோயிலுக்கு நான்கு திசையிலும் வாசல் உண்டு. கிழக்கே 217 அடி உயர ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம், வடக்கே அம்மணியம்மன் கோபுரம். கார்த்திகை தீப நாட்களில் இந்த வாசல்களை நோக்கி வரும் கூட்டம், சாமியைப் பார்க்கும் முன் ஒரு கருவியைக் கடந்தாக வேண்டும். கதவில்லாத நிலைச்சட்டமாக நிமிர்ந்து நிற்கும் மெட்டல் டிடெக்டர் அது. காவலர்கள் சுருக்கமாக ‘டோர் ஃபிரேம்’ என்பார்கள். சட்டத்துக்குள் நுழைகிறவரிடம் உலோகம் இருந்தால் விளக்கு எரிந்து ஒலி எழ வேண்டும். இல்லாவிட்டால் பேசாமல் விட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

இந்த எளிய வேலையைக் கெடுக்கும் ஒன்று அதைச் சுற்றியே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. சுற்றிலும் ஓடும் மின்சாரம் கிளப்புகிற இரைச்சல். அது மிகுந்தால் யாருமே நுழையாதபோதும் கருவி கத்தும். சும்மா சும்மா கத்துகிறதே என்று யாராவது அதன் கூர்மையைக் குறைத்து வைத்துவிட்டால், கத்த வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்துவிடும். முதலாவது எரிச்சல், இரண்டாவது ஆபத்து. கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தக் கருவி நன்றாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் அது நிற்கும் இடத்தின் மின்சூழல் அதைவிட வேகமாக மாறிவிட்டது. லட்சக்கணக்கானோர் கூடும் ஓர் ஊரில் இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைய வாசலில் காவல் என்றால் ஆள்தான். கோயில் காவலரும் திருவிழாவுக்கு வந்த போலீஸ்காரரும் முகம் பார்த்து, மூட்டை பார்த்து உள்ளே விட்டார்கள். உலோகத்தைத் தேடும் வேலை வாசலில் நடக்கவில்லை. வேறு இடங்களில் வேறு காரணத்துக்காக நடந்தது. ஆசாரிகளின் பட்டறைத் தெருவில் சாக்கடை மண்ணை அள்ளிச் சலித்துப் பொன்துகள் பிரித்தவர்கள் இருந்தார்கள். ஆற்றங்கரைகளிலும் குளத்துப் படிகளிலும் கயிற்றில் காந்தம் கட்டி வீசிக் காசு எடுக்கும் பையன்களை இன்றும் பார்க்கலாம். அலுமினியக் காசும் செம்பு நிக்கல் கலவைக் காசும் காந்தத்தில் ஒட்டாது. 1980-களின் இறுதியிலிருந்து துருப்பிடிக்காத எஃகில் காசு அடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கயிறுகளுக்கு நல்ல வேட்டை கிடைத்தது. காந்தத்துக்கு மின்சாரம் வேண்டாம். எந்த விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

மின்சாரத்தால் உலோகத்தைத் தேடத் தொடங்கியபோது தொல்லையும் கூடவே வந்துவிட்டது. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டு, குண்டு உடலுக்குள் எங்கே தங்கியிருக்கிறது என்று மருத்துவர்கள் திகைத்து நின்றார்கள். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், கம்பிச் சுருள்களாலான ஒரு கருவியைக் கொண்டுவந்து அதிபரின் உடல்மீது நகர்த்திப் பார்த்தார். ஒலி ஓரிடத்தில் நிற்காமல் பரவலாக வந்தது. அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் இரும்புச் சுருள்கள் இருந்தன. போதாததற்கு, உடலின் வலப்பக்கத்தில் மட்டும் தேட மருத்துவர் அனுமதித்தார். குண்டு இடப்பக்கம் இருந்தது. அந்த செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்தார். கருவியில் பழுது பெரிதாக இல்லை. அது வேலை செய்த இடம் அதற்கு எதிராக இருந்தது. நூற்றி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கோயில் வாசல்களிலும் கதை அதுவேதான்.

பிறகு வந்த ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் ஃபிஷர் இதையே தலைகீழாகப் பயன்படுத்திக்கொண்டார். விமானங்களுக்கு வானொலி அலையால் திசை காட்டும் கருவி செய்துகொண்டிருந்தவர் அவர். சில இடங்களில் திசை பிசகியது. சுற்றுப்புறத்தில் இருந்த உலோகமும் தாதும் அலையைக் குழப்புவதை அவர் கவனித்தார். அந்தக் குழப்பத்தையே அளந்தால் உலோகத்தைக் கண்டுபிடிக்கலாமே என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 1937-ல் அவர் காப்புரிமை பெற்ற உலோகங்காட்டி. உலகப்போரில் கண்ணிவெடி தேட, போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி கையில் தூக்கிச் செல்லும் கருவியை வடிவமைத்தார். 1942-ல் எல் அலமைன் பாலைவனத்தில் அது உதவியது. பாலைவனத்தில் மின்கம்பி இல்லை, குழல் விளக்கு இல்லை. அப்படிப்பட்ட அமைதி இந்தக் கருவிக்குப் பிறகு கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

தமிழ்நாட்டுப் பொது இடங்களில் இந்தக் கருவி இன்றியமையாததானதற்கான காரணங்களை நினைத்தாலே மனம் கனக்கிறது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் தொடர் குண்டுவெடிப்பு. 2002-ல் குஜராத்தின் அக்‌ஷர்தாம் கோயிலில் தாக்குதல். தலைவர்களின் கூட்டத்துக்கென்று வந்த டோர் ஃபிரேம்கள் மெல்ல மெல்லக் கோயில் வாசலுக்கும் நகர்ந்தன. ஒவ்வோர் ஆண்டும் பாபர் மசூதி இடிப்பு நாளான டிசம்பர் 6 நெருங்கும்போது பெரிய கோயில்களில் சோதனை இறுகும். தீபமும் பல ஆண்டுகளில் அந்த நாட்களை ஒட்டி வரும். 2022-ல் மகா தீபமே டிசம்பர் 6 அன்றுதான் ஏற்றப்பட்டது. இரண்டு காவல் ஏற்பாடுகளும் ஒரே நாளில் ஒரே வாசலில் கூடின.

அந்தத் தொடக்க ஆண்டுகளின் வாசலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மண்டபத்தில் இரும்புச் சோக் போட்ட குழல் விளக்குகள். கோபுரத்தில் குண்டு பல்புகளைக் கோத்த சீரியல். ஓடும் சீரியல் வேண்டுமென்றால் ஒரு மோட்டார் உருளையைச் சுழற்றும். தகடுகள் தொட்டும் விலகியும் விளக்குகளை மாற்றி மாற்றி எரியவைக்கும். தொடும்போதெல்லாம் பொறி பறக்கும். அன்று மின் இரைச்சலே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உருளை சுற்றினால் பக்கத்துக் கடை ரேடியோ கரகரக்கும். ஆட்டோ ஒன்று கடந்து போனால் டிவி திரையில் புள்ளிகள் துள்ளும். ஆனால் அந்த இரைச்சலை ஊரே கேட்டது, ஊரே பார்த்தது. எங்கிருந்து வருகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். மைக்செட்காரரே எழுந்துபோய் ஒயரை மாற்றிக் கட்டிவிடுவார்.

அடிப்படை இரைச்சலும் அன்று தாழ்ந்த சுருதியில் இருந்தது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளில் அலைகிறது. இரும்புச் சோக்கும் குண்டு பல்பும் பெரும்பாலும் அந்த 50-ஐயும் அதன் சில மடங்குகளையும்தான் வெளிவிடும். உலோகங்காட்டிகள் வேலை செய்வதோ நொடிக்குச் சில ஆயிரம் முதல் பல பத்தாயிரம் துடிப்புகளில். இரண்டும் வேறு வேறு தளத்தில் இருந்ததால் கருவிக்குள் இருக்கும் வடிகட்டி தாழ்ந்த சுருதியை ஒதுக்கிவிட முடிந்தது.

இதை விளங்கிக்கொள்ள அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துப் பலகைக்குள் இருக்கும் செம்புச் சுருள் காந்தப்புலத்தை வீசிக்கொண்டே இருக்கும். உலோகம் நடுவில் வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அந்த ஓட்டம் தனக்கென்று ஒரு சிறு புலத்தைத் திருப்பி வீசும். மறுபக்கத்துச் சுருள் அதைக் கேட்கிறது. சில கருவிகள் துடிப்பு துடிப்பாக வீசி, நிறுத்திவிட்டு, அடுத்த சில மைக்ரோ நொடிகளில் வரும் பதிலைக் கேட்கும். எந்த வகையானாலும் திரும்பி வரும் பதில் மிக மிக மெலிந்தது. மைக்செட் அலறும் தேரடித் தெருவில் தொலைந்த பிள்ளை கூப்பிடும் குரலைத் தாய் பிரித்துக் கேட்பதற்கு ஒப்பான வேலை அது. பிள்ளையின் குரலும் மைக்கின் குரலும் வேறு சுருதியில் இருக்கும்வரை தாய்க்குப் பிரச்சினை இல்லை.

இன்று இரண்டும் ஒரே சுருதிக்கு வந்துவிட்டன. 2015-க்குப் பிறகு எல்இடி விளக்கு வீடு, தெரு, கோயில் என்று எல்லா இடத்திலும் பரவியது. மின்சாரம் மிச்சம், சூடு குறைவு, ஆயுள் அதிகம். அதன் நன்மைகளை மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வோர் எல்இடிக்குப் பின்னாலும் ஒரு டிரைவர் பெட்டி இருக்கிறது. அது மின்சாரத்தை நொடிக்குப் பல பத்தாயிரம் முறை, சில சமயம் லட்சம் முறைக்கு மேலும், வெட்டி வெட்டித்தான் விளக்குக்குக் கொடுக்கிறது. உலோகங்காட்டி காது கொடுக்கும் அதே இடத்தில் இந்த வெட்டுதலின் ஓசை விழுகிறது. நல்ல டிரைவரில் இரைச்சலை அடக்கும் வடிகட்டி இருக்கும். மலிவு விலைப் பெட்டியில் முதலில் குறைக்கப்படுவது அந்த வடிகட்டிதான். செல்போன் சார்ஜர், கண்காணிப்புக் கேமராவின் அடாப்டர், யுபிஎஸ், தீபக் காட்சியைக் காட்டும் பெரிய எல்இடித் திரை, பிரசாதக் கடையின் மின்னணுத் தராசு, தேநீர்க் கடையின் இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் இதே வெட்டுதலில் ஓடுபவை. தனித்தனியே ஒவ்வொன்றும் சிறியது. தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு ஒரே தெருவில் எல்லாம் சேர்ந்து எரியும்.

இந்த இரைச்சலுக்கு வெளியே எந்த அடையாளமும் இல்லை. பழைய ரேடியோ கரகரத்துச் சொன்ன செய்தியைச் சொல்ல இன்று எந்த ரேடியோவும் அருகில் இல்லை. எல்இடித் திரையில் படம் துல்லியமாகவே தெரியும். எதனால் என்று தெரியாமல் டோர் ஃபிரேம் மட்டும் நின்ற இடத்தில் பதறும்.

செல்போனிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்தது. 2ஜி காலத்தில் அழைப்பு வருவதற்கு ஒரு கணம் முன்னால் ஸ்பீக்கரில் ‘டிக்டிக்டிக் டிர்ர்ர்’ என்று ஒரு சத்தம் எழுமே, நினைவிருக்கிறதா? அந்தப் போன்கள் நொடிக்கு 217 முறை விட்டு விட்டு அலையை அனுப்பியதன் விளைவு அது. கச்சேரி மேடையில் போனை அணைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். 4ஜி வந்த பிறகு அந்த ஓசை பெரும்பாலும் மறைந்தது. ஆனால் சட்டத்தை ஒட்டி நின்று வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்திப் பேசினால் கருவி பதறும் பழக்கம் இன்னும் போகவில்லை. கையில் பிடிக்கும் டிடெக்டரில் இது இன்னும் எளிதாக நடக்கும். கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது வழிபாட்டிடத்தின் தூய்மையையும் புனிதத்தையும் காப்பதற்காக. கருவிக்கும் அது ஒரு நன்மைதான்.

மின்வெட்டுக் காலத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. அந்த நேரத்தில் ஊரின் காற்று இந்தக் கருவிக்கு அமைதியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. மின்சாரம் போன மறுகணம் தெருவெங்கும் ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் உயிர்பெற்றன. சீரான அலைக்குப் பதில் படிக்கட்டு வடிவில் மின்சாரம் தரும் மலிவு இன்வெர்ட்டர், மின்வாரியக் கம்பியைவிட அதிகமாக இரைகிறது. மின்தடைக்குப் பழகிய ஊர் வாங்கி வைத்த அந்தப் பெட்டிகள், மின்தடை குறைந்த பிறகும் கடைகளில் இருக்கின்றன.

கம்பிகள் மட்டும் காரணமென்று சொல்லி நிறுத்திவிட முடியாது. மண்ணும் பேசும். திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத் தாது இருக்கிறது. அதில் காந்தக்கல் கலந்திருக்கிறது. இதை எடுக்கத் திட்டம் போட்டபோது சுற்றுவட்டார விவசாயிகள் காட்டையும் நீரையும் காக்க எதிர்த்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். காந்தக்கல் உள்ள நிலத்தில் கையில் பிடிக்கும் உலோகங்காட்டியைத் தாழ்த்திக் கொண்டுபோனால், காசோ கத்தியோ இல்லாமலே அது முனகும். அதனால்தான் நல்ல கருவிகளில் நிலத்துக்கேற்பச் சரிசெய்யும் வசதி வைத்திருக்கிறார்கள். மின் இரைச்சலையும் மண்ணின் முனகலையும் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. சுருளைத் தரையிலிருந்து உயர்த்தி அசையாமல் பிடியுங்கள். ஒலி நின்றுவிட்டால் காரணம் மண். அப்போதும் தொடர்ந்தால் காரணம் மின்சாரம். சுருளைக் கால் வட்டம் திருப்பும்போது ஒலி குறைந்தால், இரைச்சல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுகூடப் பிடிபட்டுவிடும்.

பழைய கோபுர வாசல் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு கொடை. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். கிருஷ்ணதேவராயர் தொடங்கித் தஞ்சை நாயக்கர் சேவப்பர் முடித்த ராஜகோபுரத்தில் இன்றைய கட்டடங்களைப் போலக் கான்கிரீட்டுக்குள் பின்னிய எஃகுக் கம்பிவலை கிடையாது. மரக்கதவின் இரும்புப் பட்டைகளையும் குமிழ்களையும் விட்டு ஓரிரு முழம் தள்ளி நிறுத்தினால் கருவிக்கு இதைவிட அமைதியான தரை கிடைப்பது அரிது. அதே கருவியைப் புதிதாகப் போட்ட கான்கிரீட் தளத்தில், எஃகுத் தடுப்புகளுக்கு நடுவில் நிறுத்தினால் கீழே கம்பி, பக்கத்தில் குழாய், எல்லாமே அதன் புலத்துக்குள் வந்துவிடும். கூட்டம் சாயும்போது தடுப்பு ஆடும். ஆடும் எஃகைக் கருவி நடந்து வரும் எஃகாகவே படிக்கும். தடுப்புகள் ஒன்றையொன்று தொட்டு வளையமாகிவிட்டால் அந்த வளையத்துக்குள்ளேயே மின்னோட்டம் சுற்றி இன்னொரு தொல்லை சேரும். சட்டங்களை நெருக்கி வைத்தால் ஒன்றின் வீச்சு மற்றொன்றின் காதில் விழும். இதற்காகவே கருவிகளில் தனித்தனி அலைவரிசை தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்ததும் எல்லாவற்றையும் ஒரே அலைவரிசையில் ஓடவிட்டால் அந்த வசதி இருந்தும் பயனில்லை.

உலோகங்காட்டி என்றதும் புதையல் நினைவுக்கு வருகிறவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. காரணம் இருக்கிறது. நடுகற்கள் நிறைந்த செங்கம் வட்டாரம், ஹொய்சள மன்னர் வல்லாளர் தங்கிய ஊர், மலையெங்கும் பழங்கோயில்கள். 2025 நவம்பரில் ஜவ்வாது மலையின் கோவிலூரில் பழைய சிவன் கோயில் திருப்பணியின்போது 103 பொற்காசுகள் கிடைத்தன. அதற்கு முன் 2020 பிப்ரவரியில் திருவானைக்கா ஜம்புகேஸ்வரர் கோயிலில் ஒரு செம்புக்குள் 505 பொற்காசுகள். இரண்டையும் காட்டியது மண்வெட்டி. எந்தக் கருவியும் பீப் அடிக்கவில்லை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குச் சொல்லியாக வேண்டும். பழஞ்சின்னங்கள் இருக்கும் இடத்தில் கருவியோடு போய்த் தோண்டுவது குற்றம், வரலாற்றுக்குச் செய்யும் கேடும்கூட.

மின் இரைச்சலுக்கு இங்கே ஒரு கொடிய பயன்பாடும் இருக்கிறது. உயர் அழுத்த மின்கம்பியின் கீழே கூர்மையை முழுதாக ஏற்றி வைத்த ஒரு சாதாரண டிடெக்டரைப் பிடித்தால் அது அலறும். பூமிக்கு அடியில் பொன் இருக்கிறது என்று நம்ப விரும்புகிறவருக்கு அந்த அலறல் போதும். புதையல் காட்டும் கருவி என்று சொல்லி யாராவது உங்களிடம் விற்க வந்தால் மின்கம்பி, மோட்டார் கொட்டகை, செல்போன் கோபுரம் எதுவும் இல்லாத வெட்டவெளியில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே பேசாத கருவி, கம்பியின் கீழே பேசுவதற்கு எந்த மதிப்பும் இல்லை. கடன் வாங்கிக் குழி தோண்டும் குடும்பங்களை எண்ணித்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உயிரைப் பணயம் வைத்து இந்தக் கருவியோடு வாழ்கிறவர்கள் நமக்குத் தொலைவில் இல்லை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழியில் முகமாலை, உலகத்தில் கண்ணிவெடிகள் மிக நெருக்கமாகப் புதைந்த நிலங்களுள் ஒன்று. போருக்குப் பிறகு அங்கே வெடி அகற்றும் வேலையில் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். வெடியகற்றும் பணியில் நாள்தோறும் வேலை தொடங்கும் முன் கருவியை ஒரு சோதனைப் பொருளின்மீது, அதே நிலத்தில், காட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சிறு பொருளுக்கு ஒலி கேட்டால்தான் களத்தில் கால் வைப்பார்கள். நேற்று வேலை செய்தது என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

இந்த ஒழுக்கம் நம் கோயில் வாசலுக்கும் வேண்டும். சட்டத்தைப் பகலில் இறக்கி, பகலில் பொருத்தி, பகலிலேயே சோதித்து ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதி வைத்தால் அந்தச் சோதனை பகலுக்கு மட்டும்தான் செல்லும். கூட்டம் வருவது அந்தியில். சீரியல் ஏற்றப்படுவதும் திரை ஒளிர்வதும் ஜெனரேட்டர் உறுமுவதும் அந்தியில்தான். ஆகவே திருவிழாவுக்கு முந்தின நாள் மாலையில், எல்லா விளக்கையும் போட்டு, திரையை ஓடவிட்டு, வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டு சோதிக்க வேண்டும். கணுக்காலில் ஒரு முறை, இடுப்பில் ஒரு முறை, தோளில் ஒரு முறை என்று ஒரு சோதனைத் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் நடக்கட்டும். மூன்று உயரத்திலும் ஒலித்தால் சரி. பிறகு வெறுங்கையோடு நடக்கட்டும், ஒலிக்காவிட்டால் சரி. காவலர் பணி மாறும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய அதிக நேரம் ஆகாது.

ஒலித்தொல்லை வந்தால் உடனே கூர்மையைக் குறைக்கும் திருகைத் தேடுவதுதான் வழக்கம். அது கடைசியாகச் செய்ய வேண்டியது. முதலில் அலைவரிசையை மாற்றிப் பார்க்கலாம். அதிலும் அடங்காவிட்டால் சந்தேகப்படும் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டிரைவர் பெட்டி போன்ற சிறு மூலம் என்றால் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் காந்த இரைச்சல் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டடி தள்ளி வைத்ததை நான்கடிக்கு நகர்த்துவதற்குப் பணம் செலவில்லை.

ஒயர் இழுக்கும் விதத்தில் இன்னும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பேஸும் நியூட்ரலும் ஒன்றையொன்று ஒட்டி, முடிந்தால் முறுக்கிக்கொண்டு போனால், ஒன்று வீசும் புலத்தை மற்றொன்று அழித்துவிடும். அவசரத்தில் பேஸை வாசலின் ஒரு பக்கத்தில் ஏற்றி, நியூட்ரலை மறுபக்கத்தில் இறக்கினால் வாசல் முழுவதுமே ஒரு பெரிய சுருளாகிவிடும். டோர் ஃபிரேமோ அந்தச் சுருளின் நடுவில் நிற்கும். கோபுரத்தில் சீரியல் கட்டும் வயர்மேன் யாருக்கும் தெரியாத ஒரு மந்திரமாக இது இருக்கத் தேவையில்லை. கருவிக்கு மின்சாரத்தை விளக்குகளின் இணைப்பிலிருந்து பிரித்துத் தனியாகக் கொடுப்பது, நல்ல எர்த் கொடுப்பது, சீரான அலை தரும் யுபிஎஸ் வைப்பது எல்லாம் ஊர் மின்பணியாளர் ஒருவர் அரை நாளில் செய்து முடிக்கக்கூடியவை.

சிக்கல் தொழில்நுட்பத்தில் இருப்பதைவிட ஆட்கள் சந்திக்காததில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் முடிவு. விளக்கு அலங்காரம் ஒருவர் பொறுப்பு. திரை இன்னொருவர். ஜெனரேட்டர் வாடகைக்காரர் வேறு. தடுப்புக் கட்டுவோர் வேறு. டிடெக்டர் காவல்துறையினுடையது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே தாளில் ஒரே வாசலைப் பார்ப்பது அரிது. எந்த இடத்தில் சட்டம் நிற்கும் என்று முடிவான பிறகே அதைச் சுற்றி எந்த ஒயர், எந்த விளக்கு, எந்தப் பெட்டி என்று முடிவாக வேண்டும். இன்று அது தலைகீழாக நடக்கிறது. எல்லாம் கட்டி முடிந்த பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் கருவி வந்து நிற்கிறது.

3,500 கிலோவும் அதற்கு மேலும் நெய் ஏற்றி, ஆயிரம் மீட்டர் காடா துணியைத் திரியாக்கி, 2,668 அடி மலையின்மேல் கொப்பரையில் சுடர் எழுப்பும் திட்டமிடல் இந்த ஊருக்குக் கைவந்த கலை. நெய்யில் ஒரு டின் குறைந்தால்கூடத் தெரிந்துவிடும் அளவுக்கு அதில் கணக்கும் கவனமும் உண்டு. அந்தக் கவனத்தில் ஒரு துளி வாசலில் நிற்கும் கருவிக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கோயில் நிர்வாகமும் காவல்துறையும் மின்வாரியமும் தீபத்துக்கு முன் கூடும்போது, வாசல்களின் மின் வரைபடத்தையும் மேசையில் விரித்துவையுங்கள். வயர்மேனையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். அந்தி நேரத்துச் சோதனையை வேலைப்பட்டியலில் எழுதுங்கள். வரிசையில் நிற்கும் நம் பங்கும் சிறிது உண்டு. சாவிக்கொத்தையும் போனையும் முன்கூட்டியே எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். பவர் பேங்கை அறையிலேயே விட்டுவாருங்கள். கொலுசுக்கும் வெள்ளி அரைஞாணுக்கும் கருவி ஒலித்தால் காவலரிடம் முகம் சுளிக்காதீர்கள். வெள்ளி நல்ல கடத்தி, அதற்கு ஒலிப்பது கருவியின் பழுதல்ல. உலோகம் எதுவுமில்லாமல் நடந்தும் ஒலித்தால் பேசாமல் போய்விடாமல் நின்று அதை அவரிடம் சொல்லுங்கள்.